அந்தப் பேதை சொன்னதைப் பாரதி தலையில் கட்டலாமா?

தமிழின் எதிர்காலம் பற்றி எந்த மேடையில் பேச்சு எழுந்தாலும் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "மெல்லத் தமிழ் இனிச் சாகும் என்று பாரதியே சொல்லிவிட்டான்" என்பார். கூட்டம் அமைதியாகிவிடும். மகாகவியே நம்பிக்கை இழந்துவிட்டார் என்றால் மற்றவர்கள் என்ன செய்துவிட முடியும் என்ற சோர்வு அந்த அமைதியில் இருக்கும்.

பாரதி அப்படிச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவனைப் 'பேதை' என்று திட்டியவர் அவர்.

அந்த வரி 'தமிழ்த்தாய்' என்ற பாடலில் வருகிறது. 'தன் மக்களைப் புதிய சாத்திரம் வேண்டுதல்' என்பது அதன் துணைத் தலைப்பு. பாடல் முழுவதும் பேசுபவள் தமிழ்த்தாய். ஆதிசிவன் தன்னைப் பெற்றது, அகத்தியன் இலக்கணம் செய்து கொடுத்தது, மூன்று குலத் தமிழ் மன்னர்கள் வளர்த்தது என்று தன் கதையைச் சொல்லிக்கொண்டே வருகிறாள். காலன் இந்தக் கணம் வரை தன்னை ஏறிட்டுப் பார்க்கவும் அஞ்சியிருந்தான் என்கிறாள். அப்புறம் அவள் குரல் மாறுகிறது. "இன்றொரு சொல்லினைக் கேட்டேன் - இனி ஏது செய்வேன்? எனதாருயிர் மக்காள்! கொன்றிடல் போலொரு வார்த்தை - இங்கு கூறத் தகாதவன் கூறினன் கண்டீர்!" என்று பதறுகிறாள். அந்தத் தகாதவன் சொன்னது என்ன என்பதை அடுத்து அவளே எடுத்துச் சொல்கிறாள். புதிய கலைகள் மேற்கே வளர்கின்றன, அவை தமிழில் இல்லை, சொல்லும் திறமையும் தமிழுக்கு இல்லை, ஆகவே,

மெல்லத் தமிழினிச் சாகும் - அந்த
மேற்கு மொழிகள் புவிமிசை யோங்கும்

என்று அவன் சொன்னானாம். அதற்கு அடுத்த அடியே இதுதான்:

என்றந்தப் பேதை உரைத்தான் - ஆ!
இந்த வசையெனக் கெய்திட லாமோ?
சென்றிடுவீர் எட்டுத் திக்கும் - கலைச்
செல்வங்கள் யாவுங் கொணர்ந்திங்கு சேர்ப்பீர்!

'சென்றிடுவீர் எட்டுத் திக்கும்' என்ற அடியும் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். பள்ளி ஆண்டு மலர்களிலும் மொழிபெயர்ப்பு விழாக்களிலும் அதை எடுத்தாளாதவர்கள் இல்லை. ஆனால் 'மெல்லத் தமிழ் இனிச் சாகும்' என்ற அடிக்கு அது பதிலாக வந்தது என்பது பலருக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகளில் இருக்கும் இரண்டு வரிகளைப் பிரித்தெடுத்து, ஒன்றை ஒப்பாரிக்கும் மற்றொன்றை உற்சாகத்துக்கும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேற்கே புதிய கலைகள் வளர்கின்றன, அவை தமிழில் இல்லை என்று அந்தப் பேதை சொன்னதைத் தமிழ்த்தாய் மறுக்கவில்லை. அதிலிருந்து அவன் எடுத்த முடிவைத்தான் மறுக்கிறாள். இல்லையென்றால் போய்க் கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறாள். தந்தையின் அருள்வலியாலும் புலவர்களின் தவவலியாலும் "இந்தப் பெரும்பழி தீரும்" என்று பாடலை முடிக்கிறாள். பேதையின் வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பாரதி பெயரில் வைத்தால் அந்த வேலை மறைந்துவிடுகிறது. பிழை ஒரு பெயரோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். ஒரு கவிஞர் எதை எதிர்த்துப் பாடினாரோ அதையே அவர் கொள்கையாக்கிவிட்டோம் என்பதுதான் வேதனை.

பாரதிக்கு நேர்ந்தது கொஞ்சம் அரிதான வகை. பெரும்பாலும் பெயர் தெரியாத ஒருவரின் வரிதான் பெயர் பெற்ற ஒருவரிடம் போய்ச் சேரும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, கம்பர் பெயரில் ஊரெல்லாம் சொல்லப்படும் "கடன்பட்டார் நெஞ்சம்போல் கலங்கினான் இலங்கை வேந்தன்". வட்டிக்கொடுமை பற்றிப் பேச்சு வந்தால் இந்த வரி வராமல் இருக்காது. கம்பராமாயணம் முழுவதும் தேடினாலும் இது கிடைக்காது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையைச் சேர்ந்ததாக அறியப்படும் பாட்டு இது. அவர் 18-ஆம் நூற்றாண்டுக்காரர், கம்பருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். "விடங்கொண்ட மீனைப் போலும் வெந்தழல் மெழுகு போலும்" என்று தொடங்கி, பாம்பின் வாயில் அகப்பட்ட தேரையையும் சொல்லி, கடைசியில் "கடன்கொண்டார் நெஞ்சம் போலும் கலங்கினான் இலங்கை வேந்தன்" என்று முடிகிறது.

ஏன் இது கம்பரிடம் போனது என்பதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். முதல்நாள் போரில் தோற்று இராவணன் திரும்புவதைக் கம்பர் பாடிய "வாரணம் பொருத மார்பும் வரையினை எடுத்த தோளும்" என்ற புகழ்பெற்ற விருத்தமும் ஏறக்குறைய இதே ஓசையில்தான் நடக்கிறது. கதையும் ஒன்று, ஆளும் ஒன்று, சந்தமும் நெருக்கம். காதால் கேட்டுப் பழகிய சமூகத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. கவிராயரை அறிந்தவர்கள் இசைக் கச்சேரி ரசிகர்கள்தான். கம்பரைத் தெரியாத தமிழர் இல்லை. வரி பெரிய பெயரோடு போய்விட்டது.

இதனால் கவிராயருக்கு மட்டும்தான் நட்டம் என்று நினைக்க வேண்டாம், கம்பருக்கும் நட்டம்தான். "வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோ டிலங்கை புக்கான்" என்று அனுப்பிவைத்த இராவணனின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதைக் கம்பர் தனியாகவே பாடியிருக்கிறார். வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், பகைவரெல்லாம் சிரிப்பார்கள், அதற்கெல்லாம் அவன் வெட்கப்படவில்லை. "மெல்லியல் மிதிலை வந்த சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்பு கின்றான்." தோற்றவனைக் கொன்றுகொண்டிருப்பது ஒரு பெண்ணின் சிரிப்பைப் பற்றிய நினைப்பு. கடன்காரனின் பதற்றம் வேறு, இந்த நாணம் வேறு. இராவணன் என்ற பாத்திரத்தைக் கம்பர் எப்படிப் புரிந்துவைத்திருந்தார் என்பதற்கு இந்த ஒரு பாட்டுப் போதும். கம்பருடையது அல்லாத வரி ஊரறிந்ததாகவும், கம்பரின் இந்த வரி வாசித்தவர்களுக்கு மட்டும் தெரிந்ததாகவும் ஆகிவிட்டது.

அடுத்தது, தமிழ் இனப் பெருமையின் தலைவாசலில் எழுதிவைக்கப்பட்டிருக்கும் வரி. "கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தே முன்தோன்றிய மூத்த குடி தமிழ்க்குடி." சங்கப் பாட்டு என்பார்கள், தொல்காப்பியம் என்பார்கள். இது ஐயனாரிதனார் எழுதிய புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில், குடிநிலை என்ற துறைக்கு எடுத்துக்காட்டாக வரும் வெண்பா. நூலை 9-ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகச் சொல்வார்கள். முழுப் பாட்டு இது:

பொய்யகல நாளும் புகழ்விளைத்தல் என்வியப்பாம்
வையகம் போர்த்த வயங்கொலிநீர் - கையகலக்
கற்றோன்றி மண்தோன்றாக் காலத்தே வாளொடு
முற்றோன்றி மூத்த குடி

பகைவர் கவர்ந்து போன ஆநிரைகளை மீட்கப் போகும் வீரர்களைப் பாடுவது கரந்தை. அப்படிப்பட்ட ஒரு மறக்குடியின் பழமையைப் புகழ்வது குடிநிலை. உலகத்தை மூடியிருந்த வெள்ளம் விலகும்போது முதலில் மலைதான் தலைகாட்டும், மண் தெரியப் பிறகும் காலமாகும். அந்த இடைக்காலத்திலேயே கையில் வாளோடு வந்து நின்ற குடி, அது நாள்தோறும் புகழ் விளைப்பதில் என்ன வியப்பு என்கிறது பாட்டு. போர்வீரர் குடும்பத்துக்குப் பாடிய உயர்வு நவிற்சி.

மேடையில் சொல்லும்போது இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. 'வாளொடு' என்ற சொல் காணாமல் போகிறது, 'தமிழ்' என்ற சொல் வந்து சேர்கிறது. வாள் போனதும் வீரன் போய்விடுகிறான், கரந்தையும் ஆநிரையும் கூடவே போய்விடுகின்றன. மிச்சமிருப்பது மனித இனத்தின் தோற்றம் பற்றிய ஒரு வரலாற்று உரிமைகோரல் போலத் தெரிகிறது. பிறகு யாராவது ஒருவர், "பாறை உண்டான காலத்தில் மனிதன் எங்கே இருந்தான்?" என்று நிலவியலைக் காட்டிக் கேலி செய்வார். அந்தக் கேலிக்கு ஐயனாரிதனார் என்ன செய்வார்? அவர் சொல்லாததற்காக அவர் பாட்டு அடிவாங்குகிறது. தமிழின் பழமைக்குக் கல்வெட்டும் அகழாய்வும் சங்க இலக்கியமும் சான்றாக இருக்கும்போது, ஒரு புறத்துறைப் பாட்டை வெட்டி ஒட்டி நிறுத்த வேண்டிய தேவை நமக்கு இல்லை.

சரி, பெயரும் சரியாக இருந்து சொல்லும் ஏறக்குறைய சரியாக இருக்கும் இடத்திலாவது நாம் பிழைத்துக்கொள்கிறோமா? "நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே" என்று நக்கீரர் சொன்னதாக எல்லோருக்கும் தெரியும். 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படம் அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது. நேர்மையான விமர்சகனின் கொடியாகவே அந்த வாசகம் ஆகிவிட்டது. தருமிக்கு இறைவன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் "கொங்குதேர் வாழ்க்கை" குறுந்தொகையின் 2-ஆம் பாட்டு, பாடியவர் பெயர் இறையனார் என்று இருக்கிறது. ஆனால் இந்தச் சண்டை சங்கப் பாடல்களில் எங்கும் இல்லை. அது புராணக் கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், தருமிக்குப் பொற்கிழி அளித்த படலத்தில், இறைவன் நெற்றிக்கண்ணைச் சிறிதே காட்டியதும் நக்கீரர் அஞ்சாமல், இந்திரனைப் போல உடம்பு முழுதும் நீர் கண்ணானாலும் நீர் மொழிந்த பாடல் குற்றம் குற்றமே என்கிறார். அங்கேயே பாட்டு முடிந்துவிடவில்லை. "குற்றமே யென்றான் தன்பா லாகிய குற்றந் தேரான்" என்று முனிவர் முடிக்கிறார். தன்னிடம் உள்ள குற்றத்தை அறியாதவன் இப்படிச் சொன்னான் என்பது புராணத்தின் தீர்ப்பு.

நாம் நக்கீரர் பக்கம் நிற்கிறோம். பரஞ்சோதியார் எதிர்ப்பக்கம் நின்று எழுதினார். நக்கீரரின் துணிவைக் கொண்டாடுவது தவறே இல்லை, நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அந்த வாசகத்தைக் கொடுத்த நூல் அதைக் கர்வத்தின் அடையாளமாக வைத்திருந்தது என்பதும், பிற்காலம் அதைத் தலைகீழாக்கி நேர்மையின் அடையாளமாக எடுத்துக்கொண்டது என்பதும் தெரிந்தால், தமிழ்ச் சமூகத்தின் மனம் இடையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதும் சேர்ந்து தெரியும்.

"என் கடன் பணி செய்து கிடப்பதே" என்பதிலும் இப்படி ஒரு பாதி தொலைந்திருக்கிறது. அப்பர் திருக்கடம்பூரில் பாடியது. அலுவலகச் சுவர்களில் தொங்கும் அந்த அடிக்கு முந்தைய அடி, "தன்கடன் அடியேனையும் தாங்குதல்". இறைவனுக்கும் ஒரு கடமையைச் சொல்லிவிட்டுத்தான் அப்பர் தன் கடமையைச் சொல்கிறார். அவன் தாங்க வேண்டும், நான் பணி செய்ய வேண்டும். ஒருபக்கத்தை மட்டும் எழுதி மாட்டினால், எது வந்தாலும் வாய்திறக்காமல் உழைத்துக் கிட என்று ஊழியரிடம் சொல்வதுபோல ஆகிவிடுகிறது.

சில குழப்பங்கள் எளியவை. "தமிழன் என்றோர் இனமுண்டு, தனியே அவற்கொரு குணமுண்டு" நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையுடையது, பாரதியுடையதும் அல்ல, பாரதிதாசனுடையதும் அல்ல. 1930 வேதாரண்யம் உப்பு யாத்திரையில் பாடிப்போன "கத்தியின்றி ரத்தமின்றி" பாடலும் அவருடையதே. "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" திருமூலரின் திருமந்திரம். அண்ணா அதைத் தம் இயக்கத்தின் முழக்கமாக்கியதால் அவருடைய சொந்த வாசகம் என்றே ஒரு தலைமுறை நினைத்தது. அண்ணாவின் பங்கும் சிறியதல்ல. ஒரு சைவத் தோத்திர நூலின் அடியைச் சாதி எதிர்ப்பு முழக்கமாக அரசியலுக்குக் கொண்டுவந்தவர் அவர். இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

ஔவையாரின் நிலை வேறு. அந்தப் பெயரில் ஒருவர் மட்டும் இல்லை. அதியமானோடு நட்புக் கொண்டிருந்த சங்க கால ஔவை வேறு, ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் பாடிய பிற்கால ஔவை வேறு. இடையில் பல நூற்றாண்டுகள். அதோடு, வாய்மொழியாக வந்த தனிப்பாடல்கள் ஏராளம் அந்தப் பெயரில் சேர்ந்தன. 19-ஆம் நூற்றாண்டில் தனிப்பாடல் திரட்டுகள் அச்சானபோது அவை அப்படியே பதிவாகின. "கற்றது கைம்மண் அளவு" அப்படி வந்த ஒரு வெண்பாவின் தொடக்கம். அதன் முடிவு, "எறும்புந்தன் கையால்எண் சாண்". புலவர்களே வீண்பந்தயம் பேசாதீர்கள், எறும்பும் தன் கையால் அளந்தால் எட்டுச் சாண்தான் என்று கர்வம் பிடித்த புலவர்களைப் பார்த்துச் சொன்னது. இந்தக் கடைசி வரியைச் சேர்த்துப் படித்தால்தான் பாட்டில் உள்ள குத்தல் தெரிகிறது.

பெரிய பெயரிடம் வரி போய்ச் சேர்வது உலகம் முழுக்க நடப்பதுதான். "உன் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்ற வாசகத்தைத் தமிழ்ப் பேச்சாளர்களும் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பெயரில்தான் சொல்வார்கள். எழுதியவர் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. டாலண்டைர் என்ற புனைபெயரில் 1906-இல் வெளியிட்ட, வால்டேரின் நண்பர்கள் பற்றிய நூலில் வால்டேரின் மனப்போக்கை விளக்க அவரே அமைத்த வாக்கியம் அது. வால்டேர் இறந்தது 1778-இல். அதேபோல, "முதலில் உன்னைப் புறக்கணிப்பார்கள், பிறகு சிரிப்பார்கள்" என்று காந்தி படத்தோடு சுற்றும் வாசகத்துக்கு மிக நெருக்கமான பழைய வடிவம், 1918-இல் அமெரிக்கத் தையல் தொழிலாளர் சங்க மாநாட்டில் நிக்கோலஸ் கிளைன் பேசிய பேச்சில் இருக்கிறது. ஒரு தொழிற்சங்கக்காரரின் பேச்சு மகாத்மாவின் பொன்மொழியாகிவிட்டது.

இவையெல்லாம் இடம் மாறிய வாசகங்கள். முழுப் பொய்யாகவே செய்யப்பட்டவையும் உண்டு. இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த மெக்காலே 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக ஒரு வாசகம் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. "இந்தியா முழுவதும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இவர்களின் பண்பாட்டு முதுகெலும்பை முறித்தால்தான் நம்மால் வெல்ல முடியும்" என்ற போக்கில் அது போகும். தேதியைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்துவிடும். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார், அப்போது உதகமண்டலத்தில் இருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க மலையேறினார், பிறகு கல்கத்தா போனார். 1838-இல்தான் இங்கிலாந்து திரும்பினார். அந்த பிப்ரவரி 2 அன்று அவர் கல்கத்தாவில் இருந்தார். கல்வி பற்றிய தம் புகழ்பெற்ற குறிப்பில் அதே தேதியைத்தான் போட்டிருக்கிறார்.

அந்த உண்மையான குறிப்பில் உள்ளதைப் படித்தால் கோபம் இன்னும் கூடும். நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரித் தட்டு, இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடாகும் என்கிறார். தமக்குச் சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டே அதைச் சொல்கிறார். இரத்தத்திலும் நிறத்திலும் இந்தியராகவும், ரசனையிலும் கருத்திலும் ஆங்கிலேயராகவும் ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்கிறார். போலி வாசகத்தில் வரும் மெக்காலே இந்தியாவைக் கண்டு வியப்பவர். உண்மையான மெக்காலே இந்தியாவை மதிக்கவே இல்லை. போலியைப் பரப்புகிறவர்கள் அறியாமலே அவர் மீதுள்ள உண்மையான குற்றச்சாட்டை மறைத்துவிடுகிறார்கள்.

இப்படியெல்லாம் தேடினால், "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே, யார் சொன்னால் என்ன, கருத்துத்தானே முக்கியம் என்று கேட்பவர்கள் உண்டு. குறள் 423 சொல்பவரின் தகுதியைப் பார்த்து ஏற்காதே, மெய்ப்பொருளைப் பார் என்கிறது. அப்படியானால் ஒரு கருத்துக்குக் கலாமின் படமும் ஐன்ஸ்டைனின் படமும் ஏன் தேவைப்படுகின்றன? கருத்து தன் காலிலேயே நிற்கும் என்று நம்புகிறவர் பெயரில்லாமலே சொல்லலாமே. பெரிய பெயரை ஒட்டுவது, கேட்பவர் மெய்ப்பொருள் காணாமலே தலையாட்ட வேண்டும் என்பதற்காகத்தான். அந்த வகையில் இந்தத் தேடலை வள்ளுவர் தடுக்கவில்லை, அதைச் செய்யத்தான் சொல்கிறார்.

தேடுவது முன்பு போலக் கடினமும் இல்லை. மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய நூல்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. பொதுவான தேடுபொறியில் வரியைப் போட்டால் பிழையான பதிவுகள்தான் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும், பத்து பேர் சொன்னால் உண்மை போலத் தோன்றும். நூலுக்குள் போக வேண்டும். வரி கிடைத்ததும் அதற்கு மேலே இரண்டு அடி, கீழே இரண்டு அடி படிக்க வேண்டும். யாப்பும் துணை செய்யும். குறள் என்று வருவது ஏழு சீரில் அமையவில்லை என்றால் அது குறள் இல்லை, அவ்வளவுதான்.

சில நேரம் தேடும்போது இரண்டு தரப்பும் சரி என்று தெரியவரும். "உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" மணிமேகலையில் இருக்கிறது என்று ஒருவரும், புறநானூறு என்று இன்னொருவரும் வாதாடுவார்கள். இரண்டிலும் இருக்கிறது. மணிமேகலையில் அது அமுதசுரபி கிடைக்கும் பாத்திரம் பெற்ற காதையில், பசி தீர்க்கும் அறத்தைச் சொல்லும் இடத்தில் வருகிறது. புறநானூறு 18-இல் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சொல்வதாக வருகிறது. அன்னதானப் பலகைகளில் எழுதும்போது நம் மனத்தில் இருப்பது மணிமேகலையின் பொருள். குடபுலவியனார் அந்த அடியோடு நிற்கவில்லை. "உணவெனப் படுவது நிலத்தொடு நீரே" என்று போகிறார். நிலத்தையும் நீரையும் ஒன்று சேர்த்தவர்களே உடம்பையும் உயிரையும் படைத்தவர்கள், ஆகவே நிலம் பள்ளமாக இருக்கும் இடமெல்லாம் நீர்நிலை பெருகும்படி கட்டு, கட்டியவர்கள் பெயர்தான் நிற்கும் என்று மன்னனிடம் கேட்கிறார். அவர் அந்த அடியைச் சொன்னது ஏரி வெட்டச் சொல்லி.